வைரவரும் என் கல்லீரலும்

முதலில் வந்தது அரிப்பு. வலி அதற்குப் பின்னால்தான் வந்தது. இந்த வரிசை முக்கியம் என்று அப்போது எனக்குத் தெரியாது. கத்திரிக்காய்க் குழம்பு சாப்பிட்டு எழுந்த மத்தியானம், முதுகிலும் தொடையிலும் திட்டுத் திட்டாகத் தடித்தது. பதினேழு தடிப்பு வரை எண்ணினேன். அதற்குள் அவை ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டதால் எண்ணிக்கை தப்பிவிட்டது.

"கத்திரிக்கா ஆகாதுன்னு தெரிஞ்சும் ரெண்டாந்தரம் ஊத்திக்கிட்டீகள்ல" என்று சொல்லிக்கொண்டே என் மனைவி சிவகாமி தேங்காயெண்ணெய் தடவினாள். அவள் தடவிக்கொண்டிருக்கும்போதே வலது விலாவுக்குக் கீழே, ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது போல ஒரு வலி கிளம்பியது. பிழிந்து விட்டது. மறுபடியும் பிழிந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நான் சமயநல்லூர்க்காரன். நூற்பாலை ஒன்றில் ஸ்டோர் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். பாபின், பெல்ட், பேரிங், வாஷர் என்று எண்ணியே வயதைக் கழித்தவன். எண்ணிக்கை சரியாக இருந்தால் எனக்குப் பயமில்லை. ஒரு வாஷர் குறைந்தாலும் அன்று தூக்கம் இல்லை. அப்படிப்பட்டவனின் வயிற்றுக்குள் யாராலும் எண்ண முடியாத ஒன்று வருடக்கணக்காக வளர்ந்துகொண்டிருந்தது. அது எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது, எவ்வளவு அருகில் போய்த் தப்பினேன் என்பதை எழுதி வைக்கிறேன். காமாலை என்றதும் கீழாநெல்லி பறிக்கக் கிளம்பும் வீடுகளில் யாராவது ஒருவர் படித்தாலும் போதும்.

வலி மறுநாள் அடங்கியது. ஆனால் நாலைந்து நாளில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்துக்குப் போனது. மலமோ அதற்கு நேர்மாறாகக் களிமண் போல வெளுத்தது. கைக்கண்ணாடியை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கண்ணின் வெள்ளை, மஞ்சள் கிழங்கை உரசிய நிறத்தில் இருந்தது. உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தன. இப்போது தடிப்பு இல்லை. சொறியச் சொறிய உள்ளுக்குள்ளிருந்து வருகிற அரிப்பு.

எங்கள் தெருவில் காமாலைக்கு யாரும் டாக்டரிடம் போவதில்லை. கீழாநெல்லியை வேரோடு அரைத்து, மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். உப்பு அறவே கூடாது, எண்ணெய் கூடாது, புளி கூடாது. மோர்ச்சோறு, இட்லி, அதுவும் உப்பில்லாமல். பலருக்கு இதிலேயே குணமாகியிருக்கிறது. பின்னால் டாக்டர் விளக்கினார்: அவர்களுக்கு வருவது கல்லீரலே புண்ணாகி வருகிற காமாலை. ஓய்வு எடுத்தால் பெரும்பாலும் தானாகவே ஆறும். எனக்கு வந்தது குழாய் அடைத்ததால் வந்த காமாலை. கல்லீரலில் ஊறும் பித்தநீர் குடலுக்கு இறங்க ஒரு குழாய் உண்டு. அது அடைபட்டால் பித்தம் திரும்பி ரத்தத்தில் ஏறும். குழாய் அடைப்பை எந்தப் பச்சிலை எடுக்கும்? மில்லில் அத்தனை வருடம் குழாய்களுக்கு வால்வு எடுத்துக் கொடுத்த எனக்கு இது தோன்றவில்லை.

மூன்றாவது வாரம் குளிர்காய்ச்சல் வந்தது. பல் கிட்டித்து, கட்டிலின் கால் தரையில் தடதடவென்று தட்டுகிற குளிர். மூன்று போர்வைக்கு மேல் சிவகாமி ஏறி அழுத்திப் படுத்துக்கொண்டாள், அப்படியும் ஆடியது. செல்லூரில் குடியிருக்கும் என் மகன் நடராஜனுக்கு ஆள் போனது. அவன் ஒரு வாடகைக் காரோடு வந்து இறங்கினான்.

"போதும்ப்பா கீழாநெல்லி. கிளம்புங்க."

"இன்னும் ஒரு வாரம் பத்தியமா இருந்தா எறங்கிரும்டா" என்றாள் சிவகாமி.

"அவருக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கான்னே தெரியலம்மா."

நான் தூங்குகிறேன் என்று நினைத்து அதைச் சொன்னான். நான் தூங்கவில்லை. சிவகாமி எழுந்து என் வேட்டி துண்டுகளை எடுத்துப் பையில் வைத்தாள். கார் பரவை சந்தையைத் தாண்டும்போது, தினமும் பஸ்ஸிலிருந்து பார்த்த கூடைகளையும் மூட்டைகளையும் இனி எத்தனை முறை பார்ப்பேன் என்று நினைத்தேன். எண்ணத் தொடங்கினேன். கண் இருட்டியது.

மருத்துவமனையின் பெயர் வேண்டாம். பெரிய வார்டு, உயரமான கூரை. குளிர் விட்டுப் போயிருந்த நேரத்தில் ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு ஊருக்குள் அப்போதுதான் வந்திருந்த ஸ்கேன் எடுக்கும் இடத்துக்குத் தள்ளுவண்டியும் ஆட்டோவுமாகக் கொண்டுபோனார்கள். வயிற்றில் சில்லென்று பசையைத் தடவி, சோப்புக் கட்டி மாதிரி ஒன்றை வைத்துத் தேய்க்க, டிவி போன்ற பெட்டியில் சாம்பல் நிறத்தில் ஏதோ நகர்ந்தது. அதை இயக்கியவர் வலது விலா ஓரத்தில் வந்ததும் நின்றார். தாண்டிப் போனார். மறுபடியும் அதே இடத்துக்குத் திரும்பி வந்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கதவுக்கு வெளியே நடராஜனிடம் மெதுவாக ஏதோ சொன்னார். டாக்டர்கள் பேசும்போது எனக்கு அவ்வளவு பயம் வந்ததில்லை. பேசாமல் திரும்பிப் போகும்போதுதான் வரும்.

கல்லீரலில் சின்னத் தேங்காய் அளவுக்கு ஒரு கட்டி. உள்ளே தண்ணீர் மாதிரியும் இருக்கிறது, கசடு மாதிரியும் இருக்கிறது. காய்ச்சலும் இருப்பதால் சீழ்க்கட்டியாக இருக்கலாம் என்றார்கள். சீதபேதிக் கிருமி குடலிலிருந்து கல்லீரலுக்கு ஏறிச் சீழ் வைப்பது இந்தப் பக்கத்தில் ரொம்பச் சகஜமாம். கட்டி பெரிதாகிப் பித்தக்குழாயை அழுத்தினால் காமாலையும் வருமாம். வைத்தியம், தடித்த ஊசியை விலாவுக்கு இடையில் ஏற்றிச் சீழை உறிஞ்சி எடுப்பது.

பக்கத்துக் கட்டிலில் இருந்த கருப்பையாவுக்கு அதே கட்டிதான். வாடிப்பட்டிப் பக்கத்து விவசாயி, நாற்பது வயது. அவருக்கு முந்தின நாள் ஊசி போட்டிருந்தார்கள்.

"எம்புட்டு எடுத்தாங்க தெரியுமாண்ணே? சட்டி நெறைய. சாக்லேட்டு கலருல இருந்துச்சுண்டு நர்சம்மா சொல்லுச்சு. இனிமே எம் மகென் சாக்லேட்டு கேட்டா வாங்கிக் குடுக்க மனசு வராது."

"வலிச்சுச்சா?"

"ஊசிண்டா நம்ம ஊசியில்லண்ணே. மாட்டாஸ்பத்திரி ஊசி. ஆனா ஒரே கடிதேன். அம்புட்டுத்தேன். நேத்து ராத்திரி காச்சலே இல்ல, குப்புறப் படுத்துத் தூங்குனேன்."

அவர் எனக்குத் தைரியம் சொல்லத்தான் சொன்னார். எனக்கு மாட்டு ஊசி மட்டும்தான் மனதில் நின்றது.

இளம் டாக்டர் ஒருவர் வந்து எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். சீதபேதி வந்ததா, குடிப்பழக்கம் உண்டா. கடைசியில், "வீட்ல நாய், ஆடு ஏதாவது வளர்க்கிறீங்களா?" என்றார்.

"நாயா? நாங்க சைவம் தம்பி. வாசப்படியில நாயை ஏறவிட்டதில்ல" என்றேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன்.

மாலையில் பெரிய டாக்டரம்மா வந்தார். அறுவை சிகிச்சைப் பிரிவின் தலைமை. நரைத்த தலை, அதட்டாத குரல். என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் நெடுநேரம் பிடித்திருந்தார்.

"அய்யா, ஆட்டு மந்தை, நாய், இப்படி ஏதாவது பழக்கம் உண்டா? சின்ன வயசுலயாவது?"

"கிடையாதும்மா. எந்தக் காலத்துலயும் கிடையாது."

"வேற யாராவது வீட்ல?"

"இல்லம்மா."

நான் பொய் சொல்லவில்லை. என் மனதில் இருந்ததை அப்படியே சொன்னேன். மறுநாள் காலை பத்தரைக்கு ஊசி என்று முடிவானது.

அன்று இரவு தூங்கவில்லை. குளுக்கோஸ் சொட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். நிமிடத்துக்கு இருபத்தெட்டு விழுந்தது. ஒரு நிமிடம் இருபத்தாறு விழுந்ததும் நர்ஸைக் கூப்பிட்டேன். "தாத்தா, அது ரெண்டு சொட்டுக்கு ஒண்ணும் ஆகாது, கண்ண மூடுங்க" என்றாள். கண்ணை மூடினால் ஊசி தெரிந்தது.

காலையில் ஊசித் தட்டு வந்தது. பச்சைத் துணி மூடியிருந்தாலும் ஓரத்தில் கண்ணாடிக் குழாயின் நுனி தெரிந்தது. இளம் டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். பெரிய டாக்டரம்மா கருப்பையாவின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கால்மாட்டில் சிவகாமி நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமில்லை. கருப்பையாவுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்கும், பேச்சுக் கொடுத்தார்.

"மதினி, ஊர்ல வீட்டை யாரு பாத்துக்கிறா?"

"வீட்டுக்கென்ன, பூட்டு இருக்கு. வைரவருக்குத்தான் யாரு சோறு வைக்கிறாகளோ. காலையில வாசல்ல வந்து நிண்டு பாத்துட்டுப் போயிருக்கும், பாவம்."

டாக்டரம்மா நிமிர்ந்தார். "யாரும்மா வைரவர்?"

"நாய் டாக்டரம்மா. கறுப்பு நாய்."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

"நாய் கிடையாதுன்னீங்களே அய்யா?"

"அது நாய் இல்லம்மா" என்றேன். "வைரவர்."

கருப்பையா சிரித்து, ஊசி குத்திய இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டார். "அண்ணே, சிரிக்க வைக்காதிய, தையல் இல்லாட்டியும் பிஞ்சுரும்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "சொல்லுங்க."

சொன்னேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் எனக்குச் சனி நடந்தபோது, தேய்பிறை அஷ்டமியில் வைரவரின் வாகனத்துக்குத் தயிர்ச்சோறு வைக்கும்படி ஒரு ஜோசியர் சொன்னார். வைத்தேன். வந்து தின்ற கறுப்பு நாய் மறுநாளும் வந்து நின்றது. அதுவே தினப்படி ஆயிற்று. குளித்து, பூசை முடித்து, திருநீற்றுத் தட்டோடு வாசலுக்குப் போவேன். முதலில் அதன் நெற்றியில் திருநீறு பூசுவேன். தலையைத் தாழ்த்திக் காட்டும். பிறகு இலையில் சோறு. அது வீட்டுக்குள் வந்ததில்லை, கட்டிப் போட்டதில்லை, காவல் காத்ததில்லை. என் கணக்கில் நாய் வேறு, அது வேறு.

"தொடுவீங்க, இல்லையா? பூசிட்டு அப்புறம் என்ன செய்வீங்க?"

"மிச்சத்தை நான் வச்சுக்குவேன்."

"எப்படி?"

குளுக்கோஸ் ஏறாத கையைத் தூக்கிச் செய்து காட்டினேன். நெற்றியில் ஒரு இழுப்பு. பிறகு விரலில் ஒட்டியிருக்கும் துளியை நாக்கில். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான். திருநீற்றைக் கீழே உதறக் கூடாது.

டாக்டரம்மா என் விரலையே பார்த்தார். "அந்த வைரவர் கறிக்கடைப் பக்கம் போவாரா?"

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சிவகாமி முந்திக்கொண்டாள். "அங்கதானே கெடையாக் கெடக்கும். பஸ் ஸ்டாப்புல ஆட்டுக்கறிக் கடை. குடலு, ஈரலு எது வீசினாலும் இதுதான் முதல்ல பாயும்."

ஒன்பது வருடத்தில் எனக்குத் தெரியாத செய்தி. என் தயிர்ச்சோற்றோடு அது நிறுத்திக்கொள்கிறது என்றே இருந்தேன்.

"ட்ரேயை எடுத்துட்டுப் போங்க" என்றார் டாக்டரம்மா இளம் டாக்டரிடம். "ஊசி கிடையாது."

பிறகு எக்ஸ்ரேயை மறுபடியும் பிடித்து எனக்கே காட்டினார். கல்லீரல் இருக்கும் இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று, முட்டை ஓட்டின் விளிம்பு போல வளைந்திருந்தது. முந்தின நாள் மாலையே அது அவருக்கு உறுத்தியிருக்கிறது. அதனால்தான் நாயைப் பற்றிக் கேட்டாராம். நான் அடித்துச் சொன்னதால் விட்டுவிட்டார்.

எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினார். இந்த நோய்க்கு ஹைடாடிட் கட்டி என்று பெயர். நாயின் குடலில் அரிசிக் குருணை அளவே உள்ள ஒரு புழு இருக்கும். அதன் முட்டை நாயின் மலத்தில் வரும். நாய் தன்னை நக்கிக்கொள்வதால் அதன் ரோமமெல்லாம் ஒட்டும். புல்லோடு அதை ஆடு தின்றால், ஆட்டின் ஈரலில் நீர்க்கட்டி உண்டாகும். அந்த ஈரலைக் கறிக்கடைக்காரன் வீச, நாய் தின்னும். நாயின் குடலில் மறுபடியும் புழு. இப்படி நாயும் ஆடுமாகச் சுற்றி வருகிற வட்டத்தில் மனிதன் தெரியாமல் போய் மாட்டிக்கொள்கிறான். முட்டை வாய்க்குள் போனால் ஆட்டுக்கு ஆவது அவனுக்கும் ஆகும்.

"நாங்க கறியே தொட்டதில்லையேம்மா."

"கறி தின்னு வர்ற நோய் இல்லீங்க இது. கறி தின்னது வைரவர். உங்களுக்கு அவர்கிட்டேருந்து வந்திருக்கு. கீரையைச் சரியாக் கழுவாமத் தின்னாலும் வரலாம், உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா தினமும் நாக்குல வச்சிருக்கீங்களே."

கட்டி வருடக்கணக்கில் சத்தமில்லாமல் வளருமாம். பெரிய நீர்ப்பை, அதற்குள்ளே குட்டி நீர்ப்பைகள். ஒருநாள் அது பித்தக்குழாய்க்குள் உடைத்துக்கொண்டது. நீர் கசிந்து ரத்தத்தில் கலந்தபோது உடம்பு ஒவ்வாமல் தடித்தது. அதுதான் நாங்கள் கத்திரிக்காய் மேல் போட்ட பழி. உள்ளிருந்த தோல் துணுக்குகள் குழாயை அடைத்தன, காமாலை வந்தது. அடைப்பில் கிருமி சேர்ந்தது; குளிர்காய்ச்சல் வந்தது. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. ஸ்டோரில் காணாமல் போன சாமான் கிடைத்தால் எனக்கு ஒரு நிம்மதி வரும். அன்று நிம்மதி வரவில்லை.

"ஊசி போட்டிருந்தா?" என்று கேட்டான், அதற்குள் வந்து நின்றிருந்த நடராஜன்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை உறைக்குள் வைத்தார். "நீர் வயித்துக்குள்ள கசிஞ்சிருக்கலாம். சில பேருக்கு அந்த நிமிஷமே ரத்த அழுத்தம் விழுந்துரும். கசிஞ்ச இடமெல்லாம் புதுக்கட்டி முளைக்கும்."

சிவகாமி கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து முப்பத்தைந்து. பத்தரைக்கு ஊசி ஏறியிருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தை இன்றுவரை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

சந்தேகம் தீர இன்னொரு சோதனை. இடது முன்கையில் தோலுக்குள் ஒரு துளி மருந்து ஏற்றிச் சுற்றிலும் பேனாவால் வட்டம் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் கொழுக்கட்டை போல வீங்கி வட்டத்தைத் தாண்டியது. இளம் டாக்டருக்குக் கண்ணில் மின்னல். அவருக்கு அது நல்ல கேஸ். எனக்கு என் கை.

அறுவை சிகிச்சைதான் வழி என்றார்கள். உடனே செய்ய முடியாது. முதலில் காய்ச்சலை அடக்க மருந்து. காமாலை இருந்தால் ரத்தம் சீக்கிரம் உறையாது, கத்தி வைத்தால் நிற்காமல் கசியும். அதற்காகத் தினமும் வைட்டமின் ஊசி. ரத்தம் தேவைப்படும் என்று நடராஜனும் அவன் அலுவலக நண்பர் ஒருவரும் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு வந்தவன் முகம் வெளுத்திருந்தது. "எம்புட்டு எடுத்தாங்க?" என்றேன். "உங்களுக்கு எதையும் எண்ணாம இருக்க முடியாதாப்பா?" என்று சொல்லி என் காலைப் பிடித்துவிட்டான். அவன் கல்யாணம் ஆனபின் என் காலைத் தொட்டது அன்றுதான். பில் எதையும் எனக்குக் காட்டமாட்டான். நர்ஸ் நீட்டுவதை வாங்கி என் கண்ணுக்குப் படாமல் சட்டைப்பைக்குள் மடித்துக்கொள்வான். மடிக்கிற வேகத்திலிருந்தே தொகையை ஊகித்துக்கொண்டு நான் கிடப்பேன்.

அந்தக் காத்திருப்பு நாட்களில்தான் இன்னொன்றும் தெரிந்தது. மருத்துவமனையில் உப்புப் போடச் சொல்லிவிட்டார்கள். மருமகள் மீனா கொண்டுவந்த ரசஞ்சோற்றை ஒரு வாய் சாப்பிட்ட சிவகாமிக்கு முகம் சுளித்தது. "என்னடி இம்புட்டு உப்பு?"

"அளவாத்தான் அத்தை போட்டேன். நீங்கதான் மூணு வாரமா உப்பில்லாமச் சாப்பிட்டு நாக்கு செத்துக் கிடக்கு."

நான் நிமிர்ந்து பார்த்தேன். சிவகாமி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். "உங்களுக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணுன்னு ரெண்டு உலை யாரு வைக்கிறது?" என்றாள். அதற்காக இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆபரேஷனுக்கு முந்தின மாலை கும்பிட உட்கார்ந்தேன். ஆபத்து என்றால் என் வாயில் முதலில் வருவது வைரவர் பெயர்தான். அன்று நாக்கு நின்றது. அவரிடமே அவரைப் பற்றி முறையிடுவதா? பேசாமல் எழுந்து படுத்துவிட்டேன். அந்தத் துணையும் இல்லாமல் போனதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

கருப்பையா அன்று வீட்டுக்குக் கிளம்பினார். சட்டையை மாட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். "வாரேண்ணே. நல்லா வந்துருவிய. ஊருக்குப் போனா வைரவரைக் கேட்டதாச் சொல்லுங்க. அவருக்கு எந்தச் சாமி சோறு வைக்கச் சொல்லுச்சோ, அதே சாமிதேன் மதினி வாயில பூந்து பேசிருக்கு." சிரிக்கத்தான் சொன்னார். அன்று எனக்கு அதுதான் பிடி.

ஆபரேஷன் பற்றி எனக்குத் தெரிந்தது, முகத்தில் ரப்பர் வாடை, பிறகு ஒன்றுமில்லை. மற்றதெல்லாம் டாக்டரம்மா சொல்லித் தெரிந்தது. வயிற்றைத் திறந்து, கட்டியைச் சுற்றிலும் கடும் உப்பு நீரில் நனைத்த துணிகளை அடுக்கினார்களாம். சிந்தினாலும் புழுவின் வித்து அந்த உப்பில் செத்துப்போகும். கட்டிக்குள் உப்பு நீரை ஊற்றவில்லை. பித்தக்குழாய்க்கு வழி திறந்திருந்ததால் குழாய் வெந்துபோகும். மூன்று வாரம் வீட்டில் ஒரு கல் உப்பு நாக்கில் படாமல் காத்தார்கள். இங்கே உப்பைத்தான் கோட்டை கட்டியிருக்கிறார்கள். பிறகு கட்டியைத் திறந்து உள்ளே இருந்ததை அள்ளி எடுத்து, பித்தக்குழாயையும் கீறி அதில் அடைத்திருந்த தோல் துணுக்குகளைக் கழுவி, ஒரு ரப்பர்க் குழாயை வைத்து வெளியே விட்டிருந்தார்கள். ஆங்கில டி எழுத்து வடிவில் இருக்கும் அந்தக் குழாய் வழியாகப் பித்தம் கட்டிலின் பக்கத்தில் தொங்கிய பாட்டிலில் இறங்கியது.

நினைவு தெளிந்த இரண்டாம் நாள், எடுத்ததைப் பார்க்க வேண்டும் என்றேன். ஜாடியைக் கொண்டுவந்தார்கள். அவித்த முட்டையின் மேல்தோல் போல வெள்ளைச் சவ்வு. அதனோடு ஜவ்வரிசி அளவிலும் திராட்சை அளவிலும் கண்ணாடி போன்ற உருண்டைகள்.

"எத்தனை இருந்துச்சும்மா?"

"எண்ணலீங்களே" என்றார் டாக்டரம்மா.

"எண்ணாம எப்படி எல்லாம் வந்துருச்சுன்னு தெரியும்?"

கேட்டபின் அதிகப்பிரசங்கித்தனம் என்று பட்டது. அவருக்குக் கோபம் வரவில்லை.

"தெரியாது. கண்ணுக்குத் தெரிஞ்சது எல்லாம் எடுத்துட்டோம். கண்ணுக்குத் தெரியாதது இருந்தா அதுக்கு மாத்திரை தர்றேன். வருஷா வருஷம் வந்து ஸ்கேன் பண்ணிக்குங்க. என்னால சொல்ல முடிஞ்சது இவ்வளவுதான்."

அவர் பொய் சொல்லியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன். ஆனால் அவரை நம்பியிருக்க மாட்டேன்.

அதன் பிறகு என் உலகம் அந்தப் பாட்டில்தான். காலையில் நர்ஸ் வந்து பித்தத்தை அளக்கும் முன் நானே கோட்டைப் பார்த்து வைத்திருப்பேன். வெளியே வருவது குறையக் குறைய, உள்ளே குடலுக்கு இறங்குவது கூடுகிறது என்று அர்த்தம். குறைந்தால் மகிழ வேண்டும் என்றார்கள். வாழ்நாளில் சரக்குக் குறைந்ததற்காக நான் மகிழ்ந்தது அந்த நாட்களில் மட்டுமே. கண்ணின் மஞ்சள் மெதுவாக வடிந்தது. மலம் நிறம் திரும்பிய காலையில் நான் கழிவறையிலிருந்து நடராஜனைக் கூவி அழைத்தேன். அவன் ஓடிவந்து பார்த்து, "சரிப்பா, சரிப்பா" என்று என் முதுகில் தட்டினான். இருவருக்கும் கண் கலங்கியது. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் குழாய் வழியாக மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். பித்தக்குழாய் வெள்ளைக் கிளை போலத் தெரிந்தது. எங்கும் கறுப்புத் துணுக்கு இல்லை, மருந்து தடையில்லாமல் குடலுக்குள் இறங்கியிருந்தது. மறுநாள் குழாயை உருவினார்கள். உருவும்போது உள்ளே நெடுந்தூரத்திலிருந்து ஏதோ பிடுங்கி வருவது போல இருந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது சிவகாமிக்கும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். அவளும் அதே திருநீற்றுத் தட்டில் கைவைப்பவள். அந்தக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரம், என் வயிற்றைக் கிழித்த நாளைவிட மோசம். ஸ்கேன் எடுப்பவர் ஓரிடத்தில் நின்று, தாண்டி, மறுபடியும் அங்கேயே திரும்பி வருகிறாரா என்று கதவிடுக்கில் பார்த்துக்கொண்டே இருந்தேன். திரும்பவில்லை. அவளுக்கு ஒன்றும் இல்லை.

ஊர் திரும்பியதும் நடராஜன் ஒரு யோசனை சொன்னான். "பஞ்சாயத்துல சொல்லி அதைப் பிடிச்சுட்டுப் போகச் சொல்றேன்."

சரி என்று சொல்லத்தான் வேண்டும். பயந்தாங்கொள்ளியான நான் அதைத்தான் சொல்வேன் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். வாய் வரவில்லை. கடைசியில் மாட்டாஸ்பத்திரியில் கேட்டுப் புழு மாத்திரை வாங்கி வந்தான். அதைச் சோற்றில் வைத்துக் கொடுப்பது, தொடுவது மட்டும் கூடாது என்று முடிவாயிற்று. கறிக்கடைக்காரரிடமும் போய்ச் சொன்னான், ஈரலை வீசாமல் குழி தோண்டிப் புதைக்கும்படி. அவர், "சரி தம்பி" என்றாராம். புதைக்கிறாரா என்று நான் போய்ப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை குளித்து, பூசை முடித்து, வாசலுக்கு வந்தேன். வைரவர் நின்றுகொண்டிருந்தது. கொஞ்சம் இளைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் வால் ஆடிய வேகத்தில் பின்பாதி உடம்பே ஆடியது. நான் இரண்டு கை தூரத்தில் இலையை வைத்து, மாத்திரை புதைத்த தயிர்ச்சோற்றை வைத்துவிட்டு விலகி நின்றேன்.

அது இலைக்கு வந்தது. முகர்ந்தது. சாப்பிடவில்லை. தலையைத் தாழ்த்தி நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றது.

"தின்னு" என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் தலையைத் தாழ்த்தியது. ஒன்பது வருடமாக நானே பழக்கியது. திருநீறு இல்லாமல் சோறு இல்லை.

சிவகாமி என் பின்னால் வந்து நின்றாள். தட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தேன். எட்டி நின்றபடியே உள்ளங்கையில் வைத்து அதன் பக்கம் ஊதினேன். காற்றில் வெள்ளையாகப் பறந்தது. அதன் மேல் ஒரு துகளாவது விழுந்ததா என்று தெரியவில்லை. அது கண்ணை மூடித் திறந்தது. பிறகு சாப்பிட ஆரம்பித்தது.

விரலில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. கை தன்னால் வாய்க்குப் பாதி தூரம் வந்துவிட்டது. சிவகாமி அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். அப்படியே குழாயடிக்கு அழைத்துப் போய், செம்பில் மொண்டு ஊற்றினாள். நான் சோப்புப் போட்டுத் தேய்க்கத் தேய்க்க, அவள் ஊற்றிக்கொண்டே மெதுவாக எண்ணினாள். ஒண்ணு. ரெண்டு. மூணு. போதும் என்று நானும் சொல்லவில்லை, அவளும் நிறுத்தவில்லை.